'கான்ட்ராக்ட்' என்று ஒரே பெட்டி போதாதா?

12 மார்ச் 2024, இரவு 8.50 (கேள்வி)

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலை. சொந்த ஆட்கள் 160 சொச்சம், வெளியாட்கள் அதற்குக் குறையாமல் இருப்பார்கள். பழைய பஞ்சிங் மெஷினை எடுத்துவிட்டுப் வருகைப் பதிவுக்குப் புது மென்பொருள் போடப் போகிறோம். விற்க வந்த தம்பி, வெளியாட்களை எத்தனை வகையாகப் பிரிக்க வேண்டும் என்று 11 வரி உள்ள படிவம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். என் கருத்து இதுதான்: சம்பள ரோலில் இருப்பவர் கம்பெனி ஆள், இல்லாதவர் கான்ட்ராக்ட். இரண்டு பெட்டி போதும். மீதியெல்லாம் பில்லை ஏற்றுகிற வேலை. யாராவது மறுக்க முடியுமா?

12 மார்ச் 2024, இரவு 10.15

மறுக்கிறேன். 2021-இல் இதே வாதத்தை மேனேஜர் அறையில் நின்று நானே செய்திருக்கிறேன். அப்போது ஜெயித்தும் விட்டேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் (வருகைக் கணக்குப் பிரிவு) பார்க்கிறேன். 'கம்பெனி', 'கான்ட்ராக்ட்' என்று இரண்டே பெட்டி போட்டு மென்பொருளை ஓட்டினோம். முதல் மாதக் கடைசியில் அறிக்கை எடுத்தால் கான்ட்ராக்ட் ஆட்கள் 212 என்று வந்தது. மேனேஜர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார். "நம்ம காம்பவுண்டுக்குள்ள 212 பேர் நிக்க இடம் இருக்கா?" என்றார்.

உட்கார்ந்து பிரித்தோம். லோடுமேன்கள், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் வரைக்கும் சரி. அப்புறம் கேன்டீன் எடுத்திருப்பவரின் ஆட்கள், அவருடைய மச்சான் உட்பட. கோயம்புத்தூரிலிருந்து தராசு சரிபார்க்க வந்து இரண்டு மணி நேரத்தில் போனவர். ஜெனரேட்டர் மெக்கானிக். ஆடிட்டரிடம் வேலை பழகும் இரண்டு பையன்கள். தண்ணீர் லாரி டிரைவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் இரண்டு முறை. கேட்டில் இருந்தவர் அவரை ஒருநாள் இனிஷியலோடும் மறுநாள் இனிஷியல் இல்லாமலும் ஏற்றியிருக்கிறார்.

இதில் யாருக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டிய சலான் கேட்க வேண்டும், யாருடைய மணிக்கணக்கு பில்லோடு ஒத்துப்போக வேண்டும், யார் வெறும் விருந்தாளி என்று மென்பொருளுக்குத் தெரியாது. தெரிய நாங்கள் விடவில்லை. அதனால் ஐந்து மாதம் எக்செல்லில் நானே பிரித்துக்கொண்டிருந்தேன். லட்சக்கணக்கில் கொடுத்து மென்பொருள் வாங்கியது நான் எக்செல் கற்றுக்கொள்வதற்கு என்று என் வீட்டில் சொல்வார்கள்.

13 மார்ச் 2024

212 இல்லை, 207. பழைய டைரியைப் பார்த்தேன். 212 அதற்கடுத்த மாதம். வெயில் மாதம், தண்ணீர் லாரி அதிகம் வந்திருக்கும்.

15 மார்ச் 2024, இரவு 11 மணி

"சரி, 11 வகையும் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணில் ஒன்றுமில்லை. அந்தப் படிவத்தை மூடி வையுங்கள். அது சென்னையில் யாரோ ஐ.டி. கம்பெனியை மனதில் வைத்துப் போட்டது. அதில் 'கன்சல்டன்ட்' இரண்டு வகை இருக்கும், லோடுமேன் இருக்க மாட்டார்.

ஒவ்வொரு கூட்டத்தையும் எடுத்துக்கொண்டு, காசு எதைப் பார்த்துக் கொடுக்கிறோம் என்று முதலில் கேளுங்கள். ஹவுஸ்கீப்பிங்குக்குத் தலைக்கு இத்தனை ரூபாய் வீதம் நாள் கணக்கு. லோடுமேனுக்கு டன் கணக்கு. காலையில் ஆறு பேர் வந்தாலும் எட்டுப் பேர் வந்தாலும் மொத்தக் கூலி ஒன்றுதான், மேஸ்திரி பிரித்துக்கொடுப்பார். செக்யூரிட்டிக்கு ஆள் கணக்கே கிடையாது. 'பாயின்ட்' கணக்கு. மெயின் கேட் ஒரு பாயின்ட், பின் கேட் ஒரு பாயின்ட், மூன்று ஷிஃப்ட். அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருந்தால் பில் சரி.

செக்யூரிட்டியில் எங்களுக்கு அடி விழுந்தது அங்கேதான். பாயின்ட் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் மென்பொருள் பார்த்தது. நிரம்பித்தான் இருந்தது, மாதம் முழுக்க. ஒரே ஆள் இரண்டாம் ஷிஃப்டும் மூன்றாம் ஷிஃப்டும் சேர்த்து 16 மணி நேரம் உட்கார்ந்திருந்தது அறிக்கையில் எங்கேயும் வரவில்லை. வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் இரட்டைக் கூலி என்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லிருந்து சொல்கிறது. பில் பாயின்ட்டுக்கு, சட்டம் ஆளுக்கு. ஒரே வருகையை இரண்டு விதமாக எண்ணத் தெரியாத மென்பொருள் செக்யூரிட்டிக்கு ஆகாது.

அடுத்தது, யார் சொல்லி வேலை செய்கிறார்? எங்கள் சூப்பர்வைசர் சொல்லியா, அவருடைய மேஸ்திரி சொல்லியா? இதைப் பெரும்பாலானோர் பதிவே செய்வதில்லை. வம்பு வந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது இதைத்தான்.

இதெல்லாம் எதுவாக இருந்தாலும், இந்த நிமிடம் ஆள் உள்ளே இருக்கிறாரா என்பது தெரிய வேண்டும். தீப்பிடித்தால் டன் கணக்கு ஆள், நாள் கணக்கு ஆள் என்று பார்க்காது. அந்தத் தலைக்கணக்கில் தண்ணீர் லாரி டிரைவரும் இருக்க வேண்டும். மாதக் கடைசி அறிக்கையில்தான் அவர் வரக்கூடாது.

18 மார்ச் 2024

மேலே ஒருவர், "அப்ரன்டிஸை எதில் வைப்பது?" என்று கேட்கிறார். நான் முதலில் வெளியாள் பட்டியலில் வைத்தேன். தப்பு. அப்ரன்டிஸ் சட்டம் 1961-இன்படி அவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி இல்லை. அந்தச் சட்டப்படி பதிந்தவருக்கு பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கிடையாது. ஆனால் ஒப்பந்தம் உங்கள் கம்பெனியோடு நேராகப் போட்டது, அதனால் வெளியாளும் இல்லை. அவருக்குத் தனிப் பெட்டி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 30 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடத்தில் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுத்தாக வேண்டும். அந்த மொத்தத்தில் கான்ட்ராக்ட் ஆட்களும் சேர்த்தி. வெளியாள் எண்ணிக்கை தப்பாக இருந்தால் உள்ளே எடுக்க வேண்டிய பயிற்சியாளர் எண்ணிக்கையும் தப்பும். எங்கள் 207-ஐ அப்படியே கணக்கில் ஏற்றியிருந்தால் தண்ணீர் லாரிக்காரர்களுக்காகவும் கொஞ்சம் பயிற்சி கொடுத்திருப்போம்.

தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் 'கேஷுவல்' ஆளும் வெளியாள் இல்லை. கம்பெனி நேராகக் கூலி கொடுக்கிறது என்றால் அவர் உங்கள் ஆள், பெயர் என்னவாக இருந்தாலும். இதை எங்கள் ஹெச்.ஆர். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

22 மார்ச் 2024

கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், நாங்கள் கேட்கும் வகையே வேறு என்று. உண்மைதான். தனி ஆள் கான்ட்ராக்டருக்கு டி.டி.எஸ். (பில்லிலேயே பிடிக்கும் வருமான வரி) 1 சதவீதம், கம்பெனி என்றால் 2. தொழில்முறை ஆலோசகர் என்றால் 10. செக்யூரிட்டி கொடுப்பவர் கம்பெனியாகப் பதியாதவர் என்றால் 2019 ஜனவரி முதல் ஜி.எஸ்.டி.யை வாங்குகிற நாமே ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டும். இதெல்லாம் கான்ட்ராக்டரின் வகை, ஆளின் வகை இல்லை. கான்ட்ராக்டர் பக்கத்தில் ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும். ஒவ்வொரு ஆளின் பக்கத்திலும் இதைக் கேட்கும் மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன். கேட்டில் இருக்கும் பெரியவர், பான் எண் என்ற கட்டத்தில் செல்போன் எண்ணைப் போட்டு நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

20 ஏப்ரல் 2024

நேற்று வாக்குப்பதிவு. சம்பளத்தோடு விடுமுறை, தினக்கூலிக்கும் உண்டு. ஹவுஸ்கீப்பிங்குக்கு ஒரு நாள் போட்டாயிற்று. லோடுமேனுக்கு? நேற்று டன் பூஜ்யம். மேஸ்திரி காலையிலேயே வந்து நிற்கிறார். "எங்களுக்கு ஓட்டு இல்லையா சார்?" என்கிறார். மென்பொருளில் இதற்குப் பொத்தான் கிடையாது. போன மாதச் சராசரி எடுத்துக் கையால் போட்டேன்.

24 ஏப்ரல் 2024, இரவு

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த ராத்திரியும் மறுநாளும் ஊரில் யாரும் அவரவர் இடத்தில் இருக்க மாட்டார்கள். கம்பெனிக்கு லீவு. ஆனால் ஒரு ஆர்டர் அவசரம் என்று ட்ரிம்மிங் பிரிவை மட்டும் ஓட்டினோம். ட்ரிம்மிங் என்பது அச்சிலிருந்து எடுத்த ரப்பர் வளையத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டுவது. சின்னதைக் கத்தரியில் வெட்டுவார்கள், பெரியதை மெஷினில். முழுக்கப் பெண்கள், கான்ட்ராக்டர் மூலம் வருகிறவர்கள். 22 பேர் வர வேண்டும், மெஷினில் 22 கார்டு பஞ்ச் ஆகியிருந்தது. அழகர் இறங்கிய அன்றைக்கு ஒருவர் குறையாமல் 22! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பதினோரு மணி வாக்கில் ஒரு பெண்ணுக்கு விரலில் வெட்டு. ஆழமாகத்தான். இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப கார்டைப் பார்த்து எண்ணைச் சொன்னேன். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்த இன்னொரு அக்காதான் மெதுவாகச் சொன்னார்: "சார், இது அவ கார்டு இல்ல. அவ அக்கா கார்டு. அக்கா மண்டகப்படிக்குப் போயிருக்கு."

விரலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அக்காவுக்கு வேலை போயிருமா சார்?"

எங்கள் ஆவணப்படி அந்தப் பெண் உள்ளே இல்லை. அவருடைய அக்காவுக்கு அடிபட்டிருக்கிறது, ஆனால் அக்கா விரல் நன்றாக இருக்கிறது. கான்ட்ராக்டருக்கு போன் போட்டால் எடுக்கவில்லை, அவரும் ஆற்றில். தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுக் காசைக் கம்பெனி கொடுத்தது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. தொழிலாளி என்பதற்குத் தொழிற்சாலைச் சட்டம் தரும் விளக்கத்திலேயே, கான்ட்ராக்டர் மூலம் வந்தவரும் அடக்கம், முதலாளிக்குத் தெரிந்து வந்தாலும் தெரியாமல் வந்தாலும் என்று இருக்கிறது. இந்தத் தெரியாமல் என்ற சொல்லைப் பல தடவை படித்திருக்கிறேன். நேற்றுத்தான் அது ஏன் அங்கே இருக்கிறது என்று புரிந்தது.

26 ஏப்ரல் 2024

முகம் பார்க்கும் மெஷின் போட்டால் தீர்ந்தது என்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது கதவை மூடும், அவ்வளவுதான். அன்றைக்கு முகம் பார்க்கும் மெஷின் இருந்திருந்தால் தங்கச்சி திரும்பிப் போயிருப்பார், 22-க்குப் பதில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள், எங்கள் புரொடக்ஷன்காரரே கேட்டைத் திறந்து உள்ளே விட்டிருப்பார். பதில் ஆள் வருவது நம்ம ஊர் வழக்கம். திருவிழா, காதுகுத்து, கேதம், எல்லாவற்றுக்கும் ஆள் போவார்கள், அவர்கள் இடத்துக்கு ஆள் வரும். அதைத் தடுப்பதை விட்டுவிட்டு, பதில் ஆள் அவர் பெயரிலேயே வர வழி செய்தோம்.

இப்போது மேஸ்திரி போனில் 'பதில் ஆள்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. காலை 6.30-க்குள் பெயர், ஆதார், இ.எஸ்.ஐ. எண் போட்டால் அன்றைக்கு மட்டும் செல்லும் அட்டை கேட்டில் தயாராக இருக்கும். இ.எஸ்.ஐ. எண் இல்லாவிட்டால் மெஷின் பக்கம் அனுப்ப மாட்டோம், பேக்கிங்கில் உட்காரலாம். ஆனால் அந்த ஒரு நாளுக்கும் அவரைப் பதியாமல் விட முடியாது. இ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டுக்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டிய சலானில் அந்தப் பதில் ஆளின் பெயர் இருக்கிறதா என்று மென்பொருளே ஒப்பிட்டுச் சொல்லும். இல்லாவிட்டால் கான்ட்ராக்டர் பில் நிற்கும்.

2 மே 2024

முதல் வாரத்தில் வந்த பதில் ஆட்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் ஒரே ஆதார் எண். மேஸ்திரியின் மாமியாருடையது.

9 ஜூலை 2024

பெட்டிகளைப் பற்றி நான் மார்ச்சில் எழுதியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டர் மாறினார். பழையவர் மார்ச் 31-ஓடு போனார், புதியவர் ஏப்ரல் 1-இல் வந்தார். ஆட்கள்? அதே ஆட்கள். சட்டையில் பெயர்தான் மாறியது. மென்பொருள் எல்லோருக்கும் புது எண் கொடுத்துவிட்டது. பழைய எண்ணெல்லாம் 'விலகினார்'. ஒன்பது வருடமாக எங்கள் கம்பெனித் தரையைத் துடைக்கிற ஒரு அம்மா, அறிக்கையில் மூன்று மாதமாக வேலை பார்க்கிறார்.

இதைத் தோண்டப் போனால் இன்னொன்று வந்தது. ரப்பரை அச்சில் வார்க்கும் மோல்டிங் பிரிவில் ஒரு பையன். 2019-இல் அப்ரன்டிஸ். முடிந்ததும் எட்டு மாதம் கேஷுவல். அப்புறம் ஒரு கான்ட்ராக்டர் ஆள், இப்போது வேறொரு கான்ட்ராக்டர் ஆள். நான்கு எண், நான்கு வகை, நான்கும் வெவ்வேறு பெட்டியில். நான்கு பேரும் ஒரே ஆள் என்று மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்தது, அவன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோது "சார், உங்களத்தான் 2019-ல மொதமொதல்ல பார்த்தேன்" என்று சொன்னதால்.

அதனால் வகையை ஆள் மேல் ஒட்டாதீர்கள். ஆளுக்கு ஒரே எண், சாகும் வரை. வகை என்பது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யார் மூலம், எந்தக் கணக்கில் என்ற வரி. ஒரு ஆளுக்கு எத்தனை வரி வேண்டுமானாலும் இருக்கட்டும். பெரிய மென்பொருள்கள் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஆரக்கிளில் ஆள் தனி, ஆளுக்கும் கம்பெனிக்கும் உள்ள வேலை உறவு தனி, அந்த உறவுக்குள் பணி தனி. எம்ப்ளாயி, கன்டின்ஜென்ட் ஒர்க்கர் (வெளியாள்), நான்-ஒர்க்கர் (வேலையில் இல்லாதவர்), பென்டிங் ஒர்க்கர் (இனி சேரப்போகிறவர்) என்ற நான்கு வகையும் உட்காருவது உறவில்தான். நம்ம அளவுக் கம்பெனிக்கு ஆரக்கிள் தேவையில்லை, அந்த அமைப்பை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

9 ஜூலை 2024, இன்னும் கொஞ்சம்

ஏன் இது முக்கியம் என்று சொல்ல மறந்துவிட்டேன். தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது, தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரம். எண் மாறினால் நாள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், மென்பொருளில். நீதிமன்றத்தில் அப்படி ஆரம்பிக்காது.

மேனேஜரிடம் சொன்னேன், எல்லா எண்களையும் ஆதாரை வைத்துச் சேர்த்துவிடலாம் என்று. சேர்க்க வேண்டாம் என்றார். "தெரியாம இருக்கறதே நல்லது" என்றார். ஒரு வாரம் அவர் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

11 ஜூலை 2024

ஒரு நண்பர் 480 இல்லை, 240 என்று திருத்தியிருக்கிறார். இரண்டும் சரி, இடம் வேறு. 12 மாதத்தில் 240 நாள் என்பது தொழில் தகராறுச் சட்டத்தில் தொடர் வேலை என்பதற்கான கணக்கு. ஆட்குறைப்பு நஷ்டஈடு போன்றவற்றுக்கு அது வரும். நிரந்தரத்துக்கு இங்கே 480.

இன்னொருவர், "கான்ட்ராக்ட் ஆள் எத்தனை நாள் இருந்தாலும் கான்ட்ராக்டர் ஆள்தானே, நமக்கு என்ன?" என்கிறார். பாதி சரி. 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், கான்ட்ராக்ட் முறை ஒழிக்கப்பட்டாலே ஆட்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்றது. ஆனால் அந்த ஒப்பந்தமே கண்துடைப்பு என்று தெரிந்தால் கதை வேறு என்பதையும் சேர்த்துத்தான் சொன்னது. 1978-இல் உசேன்பாய் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் நடுவில் நிற்கும் கான்ட்ராக்டரைத் தாண்டிப் பார்த்தார். கயிறு தொழிற்சாலை வழக்கு அது. யாருடைய சரக்குக்காக, யாருடைய இடத்தில், யாருடைய பொருளாதாரக் கட்டுப்பாட்டில் உழைக்கிறார்கள் என்று பார்த்து, உண்மையான முதலாளி தொழிற்சாலைக்காரர்தான் என்றார். மார்ச்சில் 'யார் சொல்லி வேலை செய்கிறார்?' என்ற கட்டத்தைப் போடச் சொன்னேனே, அது இதற்குத்தான். அந்தக் கட்டத்தில் எங்கள் சூப்பர்வைசர் பெயரே பாதி இடத்தில் வந்தது. மேனேஜர் டீக்கு வராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

3 நவம்பர் 2024

தீபாவளி முடிந்தது. மூன்று கான்ட்ராக்டரில் இரண்டு பேர் போனஸ் கொடுத்தார்கள். மூன்றாமவர் அக்டோபர் 28-லிருந்து போன் எடுக்கவில்லை. வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே குறைந்தது 8.33 சதவீதம் உண்டு. எண்களைச் சேர்த்து வைத்ததால் (ஆமாம், கடைசியில் சேர்த்தோம், ஆடிட்டர் சொன்னால் மேனேஜர் கேட்கிறார்) யாருக்கு எத்தனை நாள் என்று பத்து நிமிடத்தில் எடுக்க முடிந்தது. கம்பெனி கொடுத்துவிட்டு அவர் பில்லில் பிடித்தது. கூலியை கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது வேலை வாங்குகிற கம்பெனி, கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கலாம் என்று 1970-ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருக்கிறது. அதே வழியில் போனோம்.

20 ஜனவரி 2025

பொங்கல் லீவு முடிந்து லோடுமேன்கள் இன்றைக்குத்தான் முழுசாக வந்தார்கள். அலங்காநல்லூரில் மாடு பிடிக்கப் போன ஒருவர் பிடித்ததாகச் சொல்கிறார், கையில் கட்டைப் பார்த்தால் மாடு பிடித்த மாதிரி தெரிகிறது.

இவர்களை வைத்துத்தான் நான் பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்திருந்தேன். மென்பொருளில் 'வேலை நேரம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது. டன் கணக்கு ஆளுக்கு நேரம் எதற்கு என்று, எல்லோருக்கும் எல்லா நாளும் 8 என்று போட்டுவிட்டேன். இரண்டு வருடம். உண்மையில் லாரி வரும்போது வேலை, வராதபோது புளியமரத்தடி. சில நாள் மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டுத் திருமங்கலம் பஸ் ஏறிவிடுவார்கள்.

போன வருடம் ஒரு பெரிய வாடிக்கையாளர் சோதனைக்கு அனுப்பிய ஆடிட்டர் கூலியை என் 8-ஆல் வகுத்தார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வந்தது. "நீங்கள் ஆட்களைச் சுரண்டுகிறீர்கள்" என்று எழுதப் போனார். என் சொந்தக் கையால் போட்ட 8!

மேஸ்திரியின் நோட்டுதான் காப்பாற்றியது. நாற்பது பக்க நோட்டு, எண்ணெய்க் கறை. ஒரு லாரிக்கு ஒரு வரி. லாரி வந்த நேரம், போன நேரம், எத்தனை டன், தூக்கியவர்களின் பெயருக்கு முதலெழுத்து. மூட்டைக்கு ஒரு கோடு, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்திருப்பார். ஒரு நாள்கூட விடவில்லை. ஆடிட்டர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். என் அறிக்கையை எடுக்கவில்லை.

இப்போது லோடுமேன் வகையில் நேரம் என்ற கட்டமே கட்டாயம் இல்லை. லாரி வாரியாகப் பதிகிறோம், கேட்டில் உள்ளே வெளியே மட்டும் தனியாக ஓடுகிறது. மென்பொருள்காரர்களிடம் இதை மாற்றச் சொல்லி வாங்க நாலு மாதம் ஆனது. வாங்கும்போதே கேளுங்கள்: எந்தக் கட்டம் எந்த வகைக்குக் கட்டாயம் என்று நாமே மாற்றிக்கொள்ள முடியுமா? முடியாது என்றால் பொய் எழுதும் பழக்கம் உங்கள் டைம் ஆபீஸில் முதல் வாரமே ஆரம்பித்துவிடும்.

8 டிசம்பர் 2025

இந்தக் கேள்வி-பதில் இழை மறுபடி மேலே வந்திருக்கிறது. நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் (மேலே நான் சொன்ன தொழிற்சாலைச் சட்டம், தொழில் தகராறுச் சட்டம், 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் போன்றவற்றுக்குப் பதிலாக வந்தவை) அமலுக்கு வந்ததால், "20 என்பது 50 ஆகிவிட்டதே, 50-க்குக் கீழே கான்ட்ராக்ட் ஆள் வைத்திருப்பவர் இனிமேல் கணக்கே வைக்க வேண்டாமா?" என்று ஒருவர் சந்தோஷமாகக் கேட்கிறார்.

20 கான்ட்ராக்ட் ஆள் இருந்தாலே பொருந்தும் என்ற பழைய 1970 சட்டத்தின் எல்லை, புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் 50 ஆனது உண்மை. கான்ட்ராக்ட் அத்தியாயத்துக்குத்தான் அந்த 50. உங்கள் இடத்தில் எத்தனை பேர் என்று பி.எஃப்.புக்கும் இ.எஸ்.ஐ.க்கும் எண்ணும்போது கான்ட்ராக்ட் ஆளும் தலைதான். கை வெட்டுப்பட்டால் அதற்கும் 50 என்று எல்லை கிடையாது.

50 பேரும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு புதுக் கட்டம் வந்திருக்கிறது. மைய வேலையில், அதாவது கம்பெனி எதற்காக நடக்கிறதோ அந்த வேலையில், கான்ட்ராக்ட் ஆள் கூடாது என்கிறது தொகுப்பு. துப்புரவு, காவல், கேன்டீன், ஏற்று இறக்கு, தோட்டம், ஹவுஸ்கீப்பிங் போன்றவை பொதுவாக மைய வேலையில் சேராது. திடீரென்று வேலை கூடினால் ஒரு காலத்துக்கு, வழக்கமாகவே அந்தத் தொழிலில் கான்ட்ராக்டர் மூலம் நடப்பது, இப்படிச் சில விலக்குகளும் உண்டு. எங்கள் கம்பெனியில் லோடுமேன், செக்யூரிட்டி எல்லாம் கவலை இல்லை. ட்ரிம்மிங்? ரப்பர் வளையத்தில் பிசிறை வெட்டாமல் விற்க முடியாது. அது மைய வேலையா, விலக்கில் வருமா என்று இந்த வாரம் முழுக்க மேனேஜரும் வழக்கறிஞரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் கேட்டது, ட்ரிம்மிங்கில் யார் யார், எந்தத் தேதியிலிருந்து, எந்த மேஸ்திரி மூலம், எந்த மெஷினில் என்று மட்டும். ஆள் வகையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, வேலையின் வகை வேறு கட்டம். அதை இந்த ஜூனில்தான் சேர்த்திருந்தோம், வேறு எதற்கோ.

அந்தப் பட்டியலில் அக்காவும் இருந்தார், தங்கச்சியும் இருந்தார். தனித்தனி எண்.

10 டிசம்பர் 2025

வாடிப்பட்டி நண்பர் இன்றைக்குத் தனியாக எழுதியிருந்தார். கடைசியில் ஏழு வகை வைத்தாராம். ஏழாவது 'மற்றவை'. அதில் 38 பேர் இருக்கிறார்களாம், யார் என்று பார்க்க நேரம் இல்லையாம். சார், பெயரை மறைத்துவிட்டு அந்த 38-ஐ இங்கே போடுங்கள். ஒரே டிரைவர் இனிஷியலோடு ஒன்று, இனிஷியல் இல்லாமல் ஒன்று என்று இருப்பார், நான் கண்டுபிடித்துத் தருகிறேன்.